ஊசி எடுக்கக் கூடாத வீடு

பொன்முடி எஸ்டேட் லயத்தில் சரோஜத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். அவளும் அதை மறுப்பதில்லை. அட்டைக்குப் பயமில்லை, அது பிறந்ததிலிருந்து காலைச் சுற்றும் ஜீவன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டுமாடு நின்று முறைத்தால்கூட, "போ சாமி, உன் வழியப் பாத்துப் போ" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த நிரைக்கு நகர்ந்துவிடுவாள். ஆனால் கீழே போகும் பஸ் வளைவில் திரும்பும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அது அடித்து ஓய்கிற வரைக்கும் பக்கத்தில் போகமாட்டாள். யாராவது வாசலில் நின்று சத்தமாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதலில் கதவுக்குப் பின்னால் ஒதுங்குவாள், பிறகுதான் வாய் திறக்கும். அப்படி ஒரு பிறவி.

அவள் பிறந்தது அந்த லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அடுத்தடுத்த வீடுகள், நடுவில் ஆளுயரச் சுவர், சுவருக்கு மேலே எல்லோருக்கும் பொதுவான காற்று. ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் கடைசி வீட்டுக்காரிக்குத் தெரியும். அவள் தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள், பிறகு இறங்கவேயில்லை. அஞ்சாம் கிளாஸ் வரை படித்தாள். அதற்கப்புறம் முதுகில் கூடை. கல்யாணமும் வெகுதூரத்தில் இல்லை. மாப்பிள்ளை ராஜமணி இரண்டு வீடு தள்ளி இருந்தவன். தாலி கட்டி முடித்த கையோடு சரோஜம் அழுதுகொண்டே புகுந்த வீட்டுக்கு நடந்தாள், அழுகை முடிவதற்குள் வீடு வந்துவிட்டது என்று அவளை இன்றைக்கும் கேலி செய்கிறார்கள்.

ராஜமணிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. உலர்த்தும் யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று, பொடி அவன் நெஞ்சுக்குள் ஒரு அடுக்காகப் படிந்துவிட்டது. மழைக்காலம் வந்தால் இருமல் தொடங்கும், வெயில் வந்தால்தான் நிற்கும், அந்த மலையில் வெயிலை எங்கே போய்த் தேடுவது? அதிர்ந்து பேசத் தெரியாத மனிதன். சரோஜம் சொன்னதைக் கேட்பான், சொல்லாததையும் யோசித்துச் செய்து வைப்பான். அவர்களுக்கு ஒரே மகள், ஆர்ஷா. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, டிகிரி முடித்து, கீழே நகரத்துப் பக்கம் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலையைப் பிடித்துவிட்டாள். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

இந்தக் குடும்பத்துக்குள் கொரோனா வந்த கதை ரொம்பச் சின்னது. இரண்டாவது அலையில் ராஜமணியின் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு வாங்கியது. ஜீப் வந்தது. கூட யாரும் ஏறக்கூடாது என்றார்கள். அவர் தானாகவே நடந்து வந்து ஏறினார், "சாயந்தரம் போன் பண்றேன்" என்றார், ஜீப் வளைவில் மறைந்தது. அவ்வளவுதான். போனும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கட்டிக்கொண்டு அழுவதற்கு ஒரு உடம்புகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து சரோஜம் ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் முதலில் பக்கத்தில் படுத்திருப்பவனின் நெஞ்சைப் பார்ப்பாள். ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். இன்னொரு தடவை அந்த ஜீப் வந்தால் இந்த நெஞ்சு தாங்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதனால் ஊசி வந்தால் அதை முதலில் இவன் கையில் போட்டுவிட வேண்டும். மற்ற பயங்களையெல்லாம் அவள் இந்த ஒன்றுக்குக் கீழே அடுக்கி வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஹாஸ்டலை மூடிவிட்டார்கள் என்று ஆர்ஷா பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, அந்த வீட்டுக்குள் யாரும் போகவும் கூடாது. குவாரண்டைன். ராஜமணி வீட்டு வாசலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். லயத்துக்காரர்கள் அந்த வாசலைக் கடக்கும்போது சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள்.

வந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, ஆர்ஷா காய்ச்சலோடு எழுந்தாள். சரோஜத்துக்கு உயிரே போய்விட்டது. குளிக்க வெந்நீர் எடுத்துக் கொடுக்கும்போது மகளின் முதுகைப் பார்த்தாள். தண்ணீர் கோத்த சின்னச் சின்ன முத்துகள். பார்த்ததும் முதலில் வந்தது, சொல்லவே வெட்கம், நிம்மதி. கொரோனா இல்லை. அம்மா வந்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் என்னென்ன கூடாது என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அம்மை வந்த வீட்டுக்கு விதிகள் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. தாளிக்கக்கூடாது, கறி மீன் கூடாது. யாரும் வரவும் கூடாது, போகவும் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை மருந்து மாத்திரை என்று வாயில் எடுக்கக்கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, ஊசி எடுக்கக்கூடாது. கிழிந்த பாவாடையைத் தைக்கக்கூட அந்த வீட்டில் ஊசியைத் தொடமாட்டார்கள். அது அந்தத் தாயின் கண்ணில் குத்துவது மாதிரி.

"அம்மா, இது வைரஸ்தான். சிக்கன்பாக்ஸ். எங்க ஹாஸ்டல்ல ரெண்டு பேருக்கு வந்துச்சு. டாக்டர்கிட்ட பறஞ்சா மருந்து தருவாங்க, கேட்டோ" என்றாள் ஆர்ஷா பாயில் சுருண்டபடி.

"ஏட்டி, வாய மூடு. அவ காதுல விழப்போவுது."

லயத்தில் அம்மை வந்தால் முதல் வேலை வாசலில் வேப்பிலை செருகுவது. ஆனால் அந்தக் குளிரிலும் மழையிலும் பொன்முடியில் வேப்பமரம் வளராது. வேப்பிலை வேண்டுமென்றால் கீழே இறங்கும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். சொன்னால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த நினைப்போடு அவள் வாசலில் நின்றிருந்த மதியத்தில்தான் மைக் கட்டிய ஜீப் மலையேறி வந்தது. முதலில் மலையாளத்தில் ஒரு பெண் குரல். பிறகு தமிழில் எஸ்டேட் சூப்பர்வைசர் பால்பாண்டியின் கனைப்பு.

"எஸ்டேட் ஸ்கூல்ல தடுப்பூசி முகாம் நடக்கப்போவுது. தேதி பின்னால அறிவிக்கப்படும். ஆதார் கார்டு கொண்டுவரணும். வெறும் வயித்துல வரக்கூடாது. போட்டு முடிச்சவங்க அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கணும். காய்ச்சலோ வேற நோவோ உள்ளவங்க, அப்படிப்பட்ட வீட்டுக்காரங்க யாரும் வரக்கூடாது. மறுபடி சொல்றேன், வரக்கூடாது."

கடைசி வரி உண்மையில் அந்த அறிவிப்பில் எந்த அளவுக்கு இருந்தது, பால்பாண்டி தன் பங்குக்கு எவ்வளவு சேர்த்தார் என்பது அவருக்கே வெளிச்சம். அதிகாரம் கையில் மைக்காக வந்தால் சிலருக்கு ஒரு வரி கூடவே பேசத் தோன்றும். சரோஜம் கேட்டது இதுதான்: நோவு உள்ள வீட்டுக்கு ஊசி கிடையாது. முகாம் ஒரு நாள்தான். அதை விட்டால் கீழே போக வேண்டும், கீழே போனால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் அண்ணன் போன வழிதான்.

அவள் வேப்பிலைக்குச் சொல்லிவிடவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய கதவை உள்ளே தாழிட்டாள். குவாரண்டைன் என்றாலும் அம்மை என்றாலும் விதி ஒன்றுதானே, யாரும் வரமாட்டார்கள், யாருக்கும் தெரியாது. ராஜமணியிடமும் வெளியே மூச்சுவிடக்கூடாது என்று சொல்லி வைத்தாள். மகளை வெறும் பழைய வேட்டித் துணியில் கிடத்தி, மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து வைத்து, சாமி படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, இலை இல்லாம உன்ன உக்கார வச்சிருக்கேன். கோவம்னா என்மேல காட்டு, அதுங்க மேல காட்டாத" என்று அழுதாள். மூன்று தண்ணீரும் சத்தமில்லாமல், பக்கெட்டில் குவளை மோதாமல் ஊற்றி முடித்தாள். முத்துகள் காய்ந்தன. ஆர்ஷா எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள். ஸ்டிக்கரும் கிழிந்து போனது. முகாம் மட்டும் வரவில்லை. ஸ்டாக் இல்லை, ஸ்டாக் இல்லை என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை என்று உறுதியானது. அதற்கு இரண்டு நாள் முன்னால் ராஜமணிக்கு உடம்பு சுட்டது. "மழையில நனைஞ்சேன்" என்றான். சரோஜமும் அதை நம்பினாள். நம்பியே ஆக வேண்டியிருந்தது. வியாழக்கிழமை காலையில் அவன் சட்டை மாற்றும்போது பார்த்தாள். முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, தண்ணீர் கோத்த முத்துகள். சின்ன வயதில் சரோஜம் உட்பட லயமே படுத்தபோது தப்பித்துக்கொண்டவன் இவன். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வான்.

"என்ன பாக்குற?" என்றான்.

"ஒண்ணுமில்ல. அழுக்கு."

ஆர்ஷா பார்த்துவிட்டாள். அடுப்படிக்கு அம்மாவை இழுத்துப்போனாள். "அம்மா, அப்பாவுக்கும் வந்திருக்கு. ஜுரத்தோட வாக்சின் எடுக்கக்கூடாது. அவங்ககிட்ட பறயணும்."

"பறஞ்சா திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் எப்ப வருவாங்க? உங்க பெரியப்பா போனது ஒனக்கு மறந்துபோச்சா?" சரோஜத்தின் குரல் கிசுகிசுப்பாகவே உடைந்தது. "நான் இருக்கேன்ல. நான் போட்டுக்கிட மாட்டேன். வீட்டுல ஒருத்தியாவது ஊசி படாம அவளுக்குப் பயந்து இருந்தா, அவ பொறுத்துக்கிடுவா. பாவம் பூராவும் எனக்கு. ஒங்க அப்பாவுக்கு மட்டும் அந்த ஊசி ஏறிட்டாப் போதும்."

அவள் கணக்கு அது. மகளின் பையிலிருந்து ஒரு பாராசெட்டமால் எடுத்து, காப்பியோடு அவன் கையில் கொடுத்தாள். ஊசிக்கு முன்னால் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அம்மா வந்த வீட்டில் மாத்திரை. அதுவும் பொய் சொல்லி. அவன் விழுங்கும்போது அவள் சாமி படத்தை மறைத்தபடி நின்றுகொண்டாள்.

பள்ளிக்கூடம் வரை இருக்கும் சரிவில் அவன் இரண்டு இடத்தில் நின்றான். இருமுகிற பாவனையில் நின்றான், ஆனால் இருமல் வரவில்லை, மூச்சுத்தான் வாங்கினான். சரோஜம் அதைக் கவனித்தாள். கவனித்ததைத் தனக்குள்ளேயே மூடி வைத்தாள். வாசலில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் சுதீஷ் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியோடு நின்றார். மலையாளி, ஆனால் லயத்துக்குப் பல வருஷமாக வந்து போவதால் தமிழும் அவர் வாயில் ஒரு மாதிரி உருண்டு வரும்.

"சேட்டா, ஜுரமோ இருமலோ உண்டோ?"

ராஜமணி வாயைத் திறப்பதற்குள் சரோஜம், "ஒண்ணும் கிடையாது சார்" என்றாள். துப்பாக்கி நெற்றிக்கு நேராக உயர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், பஸ் வளைவில் மூடுவது போலவே. பீப் என்றது. "போயிக்கோ" என்றார் சுதீஷ். மாத்திரை தன் வேலையைச் செய்திருந்தது.

உள்ளே பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டு, ஆட்களை இடைவெளி விட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் பச்சைத் துணித் திரை. திரைக்குப் பின்னாலிருந்து பெயர் கூப்பிடுவார்கள், ஆள் உள்ளே போவார், கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வருவார். சரோஜம் ஒவ்வொரு பெயருக்கும் இவனைத் திரும்பிப் பார்த்தாள். யாராவது இவன் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்துவிட்டால்? இவன் தெரியாமல் முதுகைச் சொறிந்துவிட்டால்? அவள் அவன் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் கைபிடிக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. பக்கத்து பெஞ்சிலிருந்த பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

"ராஜமணி!"

அவன் எழுந்தான். சரோஜமும் கூடவே எழுந்து திரை வரைக்கும் போனாள். சிஸ்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வாலிபப் பெண். முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மறைப்பு, உடம்பு முழுக்க நீல நிறத்தில் தொளதொளவென்று ஒரு அங்கி. அஸ்வதி என்று அங்கியில் பேனாவால் எழுதியிருந்தது. மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழும்போது ஒரு கை தானாக இடுப்புக்குப் பின்னால் போனது.

அந்தக் கை போன விதத்தைப் பார்த்ததும் சரோஜத்துக்குத் தெரிந்துவிட்டது. எந்த அங்கியும் அதை மறைக்காது. ஏழு மாதமாவது இருக்கும்.

லயத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், வயிற்றுப்பிள்ளைக்காரி அம்மை வீட்டு வாசலில்கூட நிற்கக்கூடாது. சரோஜம் பாவாடை கட்டிய வயதில் பார்த்திருக்கிறாள். கடைசி வீட்டில் ஒருத்திக்கு நிறைமாதத்தில் முத்து போட்டது. அவளையும், வெளியே வராமலே போன அவள் பிள்ளையையும் ஒன்றாகக் கட்டித் தேயிலைக்கு நடுவே தூக்கிப் போனார்கள். குழந்தைகள் பார்க்கக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள், அவள் சந்து வழியாகப் பார்த்துவிட்டாள்.

இப்போது அஸ்வதி ராஜமணியின் சட்டைக் கையை மடித்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் தலை அவன் தோளுக்கு நெருக்கமாக இருந்தது. அவன் மூச்சு அவள் மேல் பட்டுக்கொண்டிருந்தது. ஊசி முனை தோலுக்குப் பக்கத்தில். இன்னும் ஒரே ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இத்தனை நாள் எதற்காகப் பயந்தாளோ அது முடிந்துவிடும். சரோஜம் பல்லைக் கடித்தாள். வாயை இறுக்கி மூடத்தான் பார்த்தாள்.

"சிஸ்டரே, தொடாதீங்க! தள்ளிப் போங்க!"

அது தன் குரல்தான் என்பதே அவளுக்கு முதலில் புரியவில்லை. அவ்வளவு சத்தமாக அவள் பிறந்ததிலிருந்து பேசியதில்லை. அஸ்வதி ஊசியை அப்படியே பிடித்தபடி திரும்பினாள்.

"எந்தா சேச்சி? என்ன ஆச்சு?"

"அவருக்கு அம்மை வந்திருக்கு. முதுகுல இருக்கு. மகளுக்கும் வந்துச்சு, நான்தான் மறைச்சேன். நீங்க வயித்துப்பிள்ளக்காரி, தள்ளிப் போங்கம்மா, போயிருங்க!" சொல்லக்கூடாத பெயரைச் சொல்லிவிட்ட பயத்தில் அவள் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

திரைக்கு வெளியே பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. ஆட்கள் கதவைப் பார்த்து ஓடினார்கள். பால்பாண்டி கத்த ஆரம்பித்துவிட்டார். "இத்தன நாளா ஆத்தாள வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நடமாடியிருக்கா! இவளும் ஒரு பொம்பளையா?" சரோஜம் தலையைக் குனிந்துகொண்டாள்.

ராஜமணி நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். "எனக்கு வந்தத எனக்கே ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் எப்போதும் போலத்தான் கேட்டான்.

அஸ்வதி இரண்டடி பின்னால் போயிருந்தாள். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. அவள் கண்ணில் ஒரு நிமிஷம் தெரிந்த பயத்தை சரோஜம் சாகும்வரை மறக்கமாட்டாள், ஏனென்றால் அது தன்னுடைய பயத்தைப் போலவே இருந்தது. பிறகு அந்தப் பெண் மெதுவாக மூச்சை விட்டாள். முகத்து மறைப்பை மேலே தூக்கி, புருவத்தின் ஓரத்திலிருந்த சின்னக் குழியைக் காட்டினாள்.

"பேடிக்காதீங்க சேச்சி, பயம் வேண்டா. எனக்குச் சின்னப் பிள்ளையில வந்து போயாச்சு. நாலாம் கிளாஸ்ல. ஒருவாட்டி வந்தா பின்ன வராதுன்னுதான் பறயுறது. ஆனாலும் நீங்க சொன்னது நல்லது."

வந்து போயாச்சு. அப்படியென்றால் சும்மா இருந்திருக்கலாமே. இந்த நேரம் ஊசி ஏறியிருக்குமே. இந்த நினைப்பு வந்தது, வந்ததை இல்லை என்று சொல்வதற்கில்லை. ஊரெல்லாம் கேட்க மானத்தைக் கொடுத்து, சாமியின் பெயரைச் சொல்லி, கடைசியில் யாருக்கும் எதுவும் மிச்சமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், எக்விப்மெண்ட் பெட்டி எடுங்க" என்று அஸ்வதி சுதீஷைக் கூப்பிட்டாள். ராஜமணியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். அதில் தெரிந்த எண்ணைப் பார்த்தாள். அவன் விரலைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டிப் பார்த்தாள். சுதீஷை நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் இருவரும் மலையாளத்தில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சரோஜத்துக்கு மலையாளம் நன்றாகப் புரியும். புரியாமல் இருந்திருக்கலாம்.

"சேச்சி, இப்ப இவருக்கு வாக்சின் வேண்டா. அது பின்ன பாக்கலாம்" என்றாள் அஸ்வதி, தரையில் இருந்தவளுக்கு நேராகக் குனிய முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "பெரிய ஆளுங்களுக்கு இது வந்தா சில நேரம் நெஞ்சுக்குள்ள இறங்கும். இவருக்கு முன்னமே நெஞ்சு சரியில்ல. மூச்சு குறைஞ்சிருக்கு. கோவிடும் பாக்கணும். உடனே கீழ ஆஸ்பத்திரிக்குப் போகணும். நம்ம ஜீப்பு இருக்கு."

ஜீப். சரோஜத்தின் காதில் வேறெதுவும் விழவில்லை. அவள் எதற்குப் பயந்தாளோ அது, இவர்களே தங்கள் காலால் நடந்து வந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. இவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இவன் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான், இருட்டியதும் மூச்சு முட்டியிருக்கும், அப்போது ஜீப்பும் இருந்திருக்காது. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததால் பயம் குறையவில்லை, இன்னும் கூடியது.

"நானும் வருவேன்" என்றாள். "தனியா அனுப்பமாட்டேன். அவங்க அண்ணன அப்படித்தான் அனுப்பினோம்."

"இப்ப துணைக்கு ஒரு ஆள் நிக்கலாம். சேச்சி வாக்சின் எடுத்தோ?"

"இல்ல."

"அவிட எல்லா வார்டுலயும் கோவிட்தான். ஒண்ணும் எடுக்காம போய் நிக்கறது ஆபத்து. இன்னைக்கு எடுத்தா இன்னைக்கே காவலாகாது, அது உள்ளதுதான். ஆனா இனி எப்ப எடுப்பீங்க? உங்களுக்கு ஜுரம் இல்ல, முன்னமே அம்மையும் வந்து போயாச்சுன்னா எடுக்கலாம்."

சரோஜம் மேஜை மேலிருந்த ஊசியைப் பார்த்தாள். ராஜமணிக்காக ஏற்றியது. வீட்டில் அம்மா இருக்கிறாள், இவனுக்கு முதல் தண்ணீர்கூட ஊற்றவில்லை. துணி தைக்கும் ஊசியையே எடுக்கமாட்டாள். அவன் கையில் ஏறினால் பாவம் எனக்கு என்று சாமியிடம் பேசி வைத்திருந்தாள், தன் கையில் ஏறினால் யாருக்கு என்று பேசவில்லை. இது அவளுக்குத் தெரிந்த எல்லாப் பயத்துக்கும் அடியில் இருந்த பயம்.

ராஜமணி நாற்காலியில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்து ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். "சீக்கிரம் குத்துங்கம்மா" என்றாள். கண்ணை மூடவில்லை. மூடினால் இவனை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இருந்தது. ஊசி ஏறியது ஒன்றுமே தெரியவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

அதற்குள் ஜீப்பைக் கிளப்பிவிட்டார்கள். சரோஜம் ஓடப் பார்த்தபோது அஸ்வதி கையைப் பிடித்தாள். போட்டவர்கள் அரை மணி நேரம் உட்கார வேண்டும், விதி அப்படி, ஏதாவது ஆனால் பார்க்க ஆள் வேண்டும். ஜீப் காத்திருக்காது. சரோஜம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"ஜீப்புலயே உக்காரட்டும்" என்றார் சுதீஷ், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே. "நான் கூடப் போறேன். மருந்தெல்லாம் கையில உண்டு. ஸ்கூல்ல உக்காந்தா என்ன, ஜீப்புல உக்காந்தா என்ன? கீழ போய்ச் சேரறதுக்குள்ள அரை மணி நேரத்துக்கும் மேல ஆகும்."

செய்தி கேட்டு ஆர்ஷா ஒரு பையில் துணியும் போர்வையும் திணித்துக்கொண்டு சரிவில் ஓடி வந்தாள். பக்கத்தில் வராமல் சாலையின் மறுபுறமே நின்று பையை வைத்தாள். "அம்மா, மாஸ்க் கழட்டாத, கேட்டோ. ஞான் போன்ல விளிக்கறேன்" என்றவள், வாய் கோணி அழுதுவிட்டாள். லயத்துக்காரர்கள் தூரத்தில் கூட்டமாக நின்றார்கள். ஒருவரும் கை காட்டவில்லை.

ஜீப் இறங்கியது. ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள், மூடுபனி உள்ளே வந்து போனது. ராஜமணி அவள் தோளில் தலையைச் சாய்த்திருந்தான். வளைவு வந்தது, அடுத்த வளைவு வந்தது. சரோஜம் ஒன்றுக்கும் கண்ணை மூடவில்லை. அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறியது, இறங்கியது, கொஞ்சம் நின்றது, ஏறியது.

முன் சீட்டிலிருந்து சுதீஷ் அடிக்கடி திரும்பினார். பால்பாண்டியைப் போலில்லை, அவர் தன் வேலையை எழுதி வைத்தபடி செய்கிறவர். "சேச்சி, தலை சுத்துதா? சொறிச்சல் உண்டோ? மூச்சு முட்டுதா?"

"இல்ல சார்."

இரண்டு வளைவு கழித்து மறுபடி கேட்டார். "மூச்சு முட்டுதா?"

"இல்ல சார்" என்றாள், கணவனின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே.

ராஜமணி கண்ணைத் திறந்தான். பேசுவதற்காக மூச்சைச் சேர்த்தான். சேர்க்க நேரமெடுத்தது. "ஊசி குத்துன எடம்... ஒனக்கு ரொம்ப வலிக்கா?"

சரோஜத்துக்கு அதுவரை வராத அழுகை மொத்தமாக வந்தது. மாஸ்க்குக்குள் வாயெல்லாம் உப்பானது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "நீங்க பேசாதீங்க. மூச்ச மட்டும் விடுங்க. அத மட்டும் விட்டுக்கிட்டே இருங்க."